மண்டபமா, வீடா?

"ஷெய்கே, எனக்குக் கல்யாணம் நடக்காது போலிருக்கிறது" என்றார் மைசரா.

கூஃபா நகரத்தில் கயிறு விற்பவர் அவர். மனைவியை இழந்தவர், தாடி பாதி வெளுத்தவர். அவருடைய குரு ஷெய்கு பக்ரான் அவரைவிட இளையவர். அப்போது கூரைமேல் உட்கார்ந்து விரிசலுக்கு மண் பூசிக்கொண்டிருந்தார். மைசரா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பெண்ணுக்குப் பிடிக்கவில்லையா?"

"ஸுமைராவுக்குச் சம்மதம்தான். அவள் வாப்பாவும் தாய்மாமாவும் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். வருகிற மாப்பிள்ளையெல்லாம் அதில்தான் கவிழ்கிறான்."

"என்ன கேள்வி?"

"நபிகள் நாயகம் மறைந்த அன்று நீர் மதீனாவில் இருந்திருந்தால் எங்கே போயிருப்பீர், மண்டபத்துக்கா, வீட்டுக்கா?"

ஷெய்கு மண் பூசுவதை நிறுத்தவில்லை.

"மண்டபத்தில் அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடிவிட்டார்கள். வீட்டில் நபிகளின் மருமகனாரும் குடும்பத்தாரும் ஜனாஸாவைக் குளிப்பாட்டி அடக்கத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். மண்டபம் என்று சொன்னால் தாய்மாமா எழுந்துவிடுவார். தலைமை குடும்பத்துக்கே உரியது என்பது அவர் கட்சி. வீடு என்றால் வாப்பா எழுந்துவிடுவார். கூடித் தேர்ந்தெடுத்ததே சரி என்பவர் அவர்."

"இவர்கள் எப்படி மச்சினர்கள் ஆனார்கள்?"

"கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரிந்ததாம்."

ஷெய்கு சிரித்துவிட்டார்.

"நான் எதைச் சொல்ல, ஷெய்கே?"

"அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று சொன்னீர். கேள்வி அதுவல்லவே. செய்தி காதில் விழுகிறது. நீர் எங்கே இருக்கிறீர்?"

"நானா? கடையில்."

"வந்தவன் என்ன சொல்கிறான்?"

மைசரா வாயைத் திறந்தார். ஏணியைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்தார்.

ஷெய்கு இறங்கி வந்தார். மண் அப்பிய கையோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிறகு எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"முகத்தைக் கழுவிக்கொண்டு போம். மாப்பிள்ளை காத்திருக்க வைக்கக் கூடாது."

பெண் வீட்டில் வாப்பா முஆத் ஒரு பக்கம், தாய்மாமா ஹுஜைர் ஒரு பக்கம். நடுவில் மைசரா. திரைக்குப் பின்னால் ஸுமைரா.

கேள்வி வந்தது.

"எங்கேயும் போயிருக்க மாட்டேன்" என்றார் மைசரா. "உட்கார்ந்த இடத்திலேயே அழுதுகொண்டிருந்திருப்பேன்."

எழுந்திருக்கத் தயாராக இருந்த இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"சரி, அப்புறம்?" என்றார் ஹுஜைர், விடாமல்.

"அப்புறம் யாராவது வந்து தோளைத் தொட்டு எழுப்பியிருப்பார்கள். அழுகிறவனுக்கு வழி ஏது? எழுப்பியவர் எந்தப் பக்கம் கூட்டிப் போனாரோ, அந்தப் பக்கம் போயிருப்பேன்."



முஆத் மெல்ல மச்சினன் பக்கம் திரும்பினார்.

"ஹுஜைர், உன்னை யார் எழுப்பினார்கள்?"

"எங்கள் வாப்பா." ஹுஜைர் தாடியைத் தடவிக்கொண்டார். "உங்களை?"

"எங்கள் வாப்பாதான்."

திரைக்குப் பின்னால் ஸுமைரா அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. சிரிப்பு வெடித்துவிட்டது.