ஒரு குளத்துக்கு மூன்று படங்கள்

காட்டுக் குளத்தில் ஒரு விரால் மீன் தன் முந்நூறு குஞ்சுகளோடு இருந்தது. கடுங்கோடை. குளம் வற்றும் முன்னே வாய்க்கால் வழியாகப் பெரிய ஏரிக்குப் போயாக வேண்டும். ஆனால் அவ்வளவு தூரம் நீந்தக் குஞ்சுகளுக்கு இன்னும் ஏழு நாள் வளர்ச்சி தேவை.

"ஏழு நாள் தாங்குமா?" இதுதான் விராலின் கவலை.

குளத்தைக் கவனித்துப் படம் போட மூன்று பேர் இருந்தார்கள். மூவருமே கெட்டிக்காரர்கள். வினையே அதுதான்!

நண்டு தினமும் தண்ணீர் மட்டத்தை மேற்குக் கரைச் சேற்றில் புள்ளியாக வைத்து, முந்தைய நாள் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுத்தது. அணில், தண்ணீர் குடிக்க வரும் விலங்குக்கு ஒரு கூழாங்கல் என்று, மருத மரத்தடியில் நாளுக்கொரு குவியல் போட்டது. நத்தை குளத்தின் அடியெல்லாம் ஊர்ந்து, மேடு பள்ளங்களைக் கிழக்குப் பாறையில் வரைந்தது.

விரால் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டது.

"பத்து நாள்ல ஒரு சாண்தான் இறங்கியிருக்கு அக்கா!" என்றது நண்டு. "கடைசி மூணு புள்ளி மட்டும் கொஞ்சம் செங்குத்தா விழுந்திருக்கு. என் கால் வழுக்கியிருக்கும், விடுங்க!"

"வாய்க்கால் வாய்தான் பெரிய மேடு. அங்க ஒரு சாண் தண்ணி நிக்குது," என்றது நத்தை.

"மூணு நாளா என் குவியல் எவ்வளவு உயரம் பாத்தீங்களா!" என்று துள்ளியது அணில். "நேத்து யானைக் கூட்டமே வந்துச்சு. நம்ம குளத்துக்கு வந்த மவுசு!"

விராலுக்கு மனம் ஒப்பவில்லை. "மூணு படத்தையும் ஒரே இடத்துல போட்டுப் பாருங்களேன்!"

"என் அழகான கோட்டுக்குக் கீழே கல்லைக் கொட்டவா?" என்று கொடுக்கை ஆட்டியது நண்டு.

"எனக்கு மரத்தடிதான் வசதி!" என்றது அணில். நத்தை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

பத்து நாளைக்கு ஒரு சாண் என்றால் ஏழு நாள் இருக்கலாம் என்று விரால் தன்னைத் தேற்றிக்கொண்டது.

ஐந்தாம் நாள் வாய்க்கால் வாய் மண்மேடாகிவிட்டது. விரால் முட்டி முட்டிப் பார்த்தது. வழியில்லை. அடுத்த சில நாட்களில் குளம் சேறானது. சேற்றில் புதைந்து உயிர் பிடித்துக்கொள்ளும் பெரிய விரால் மட்டும் தப்பியது; குஞ்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதன் பிறகுதான் மூவரும் ஒன்றுகூடினார்கள். அணில் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே அந்தந்த நாளின் குவியலை வைத்தது. நத்தை வாய்க்கால் மேட்டின் உயரத்தைக் கோட்டின் குறுக்கே வரைந்தது. குவியல் உயர்ந்த நாளிலெல்லாம் கோடு சரசரவென்று இறங்கியிருந்தது. மற்ற குட்டைகள் வற்றியதால்தான் அத்தனை விலங்குகளும் இங்கே வந்திருக்கின்றன. அந்தச் சரிவை அப்படியே நீட்டியபோது, அது ஐந்தாம் நாளில் மேட்டைத் தொட்டது.

"என் கால் வழுக்கலை," என்றது நண்டு மெல்ல.

"இதைப் பார்த்திருந்தா அன்னைக்கே கிளம்பியிருப்பேனே!" என்று சேற்றுக்குள் இருந்து விரால் அழுதது. "பாதிக் குஞ்சாவது கரை சேர்ந்திருக்குமே!"



மழை வந்து குளம் நிறைந்தது. இப்போது மூவரும் ஒரே கரையில்தான் படம் போடுகிறார்கள். விரால் அந்தப் பக்கம் வருவதேயில்லை. குஞ்சுகள் விளையாடிய இடத்தையே தனியாகச் சுற்றிச் சுற்றி வருகிறது.

ஆளுக்கொரு பக்கமாகக் கண்டதை ஒன்றாக வைத்துப் பார்க்காதவர்களுக்கு, உண்மை காலம் கடந்த பிறகே கண்ணில் படும்.