உப்புப் பாறைக்கு வந்த வரையாடுகள்

"வரையாட்டுக்கு உப்புன்னா உசுருல்லா. அதனாலதான் நாங்க..." என்று சித்தப்பா ஆரம்பிப்பார். வனக்காவலராக இருந்தவர். 'அதனாலதான்' என்பதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்பது ஆவுடையப்பனுக்கு மறந்தே போய்விட்டது. உப்பு மட்டும் மனசில் நின்றது.

அறுபத்தோரு வயதில் பலசரக்குக் கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, பொதிகைச் சாரலில் செண்பகத் தாயாரின் குடிலுக்கு வந்து சேர்ந்தவர் ஆவுடையப்பன். தாயார் அவரைவிட இருபது வயது இளையவர். குரு என்றாலும் சீடரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு வருஷம் கழித்துத் தம்பி சொல்லி அனுப்பினான். "வெள்ளிக்கிழமை அடிவாரத்துல நிப்பேன். வாறதுன்னா வாங்க அண்ணே. இல்லைன்னா கடையை என் மகன் பேருக்கு மாத்திருதேன்."

"போகவா, இருக்கவா தாயே?"

"என்னையக் கேட்டா? கடையும் உங்களுது, காலும் உங்களுது."

"அப்ப மலை உத்தரவு சொல்லட்டும். வெள்ளிக்குள்ள வரையாடு கண்ணுல பட்டா இருக்கேன். படலைன்னா போறேன்."

தாயார் சரியென்று தலையாட்டினார். இத்தனை வருஷத்தில் அவரே தூரத்து முகட்டில் புள்ளி புள்ளியாகப் பார்த்ததோடு சரி.

வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் மலையேறினார்கள். மஞ்சு விலகியதும், கூப்பிடு தூரத்துப் பாறையில் வரையாடுகள்! பின்னால் வளைந்த கொம்புகள். முதுகில் சாம்பல் பூசியது போல ஒரு கிடா. தாயின் வயிற்றுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்தது ஒரு குட்டி. பெட்டை ஒன்று மட்டும் தனியே உச்சியில் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உத்தரவு கிடைச்சுட்டு தாயே!" ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சத்தம் போடாதீங்க. இம்புட்டுப் புல்லு கெடக்கு, அதை விட்டுட்டுக் கல்லை நக்குதே, ஏன்?"

"தெரியலையே..."

"எனக்கும் தெரியல. போய்ப் பாப்போம்."

இவர்கள் அடியெடுத்து வைத்ததும் உச்சிப் பெட்டை சீழ்க்கையடித்தது. அத்தனையும் செங்குத்துச் சரிவில் இறங்கி மறைந்தன.

தாயார் பாறையருகே குந்தினார். விரலை நனைத்துக் கல்லில் ஒற்றி நாக்கில் வைத்தார்.

"நம்ம அடுப்படி உப்புல்லா இது! ரெண்டு நாளாக் கஞ்சி ஏன் சப்புன்னு கெடந்துன்னு இப்பத்தானே தெரியுது!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆவுடையப்பன் தலை நிமிரவில்லை.

"வராமப் போயிருமோன்னு பயந்துட்டேன் தாயே. வரலைன்னா நான் போயாகணுமே."

தாயார் தூக்குவாளியிலிருந்த குடிதண்ணீரைப் பாறைமேல் ஊற்றி, உள்ளங்கையால் தேய்த்துக் கழுவத் தொடங்கினார்.

"அப்ப இது உத்தரவு இல்லையா?"

"உப்பை அள்ளுன கையிட்டயே கேட்டிருக்கலாமே அண்ணாச்சி. பாவம், ஆட்டை எதுக்குச் சாட்சிக்கு இழுத்தீங்க?"

ஆவுடையப்பன் அடிவாரத்துக்கு இறங்கினார். கடையை அவன் மகன் பேருக்கே மாற்றிக்கொள்ளும்படி தம்பியிடம் சொல்லிவிட்டு மலையேறினார்.