போஜன் தேர்ந்தெடுத்த பள்ளி

கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் போஜன் பதினாலு வருஷமாக ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். நாற்பத்துநாலு வயது. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் அவன் கைக்குத் தெரியும். வண்டியை ஒரு தடவைகூட எதன் மீதும் உரசியதில்லை என்பதில் அவனுக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு.

மாசி மாதத்துக் காலை ஒன்றில் அந்தக் கர்வம் போயிற்று.

பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பெயர் தவமலர். கொழுந்து பறிக்கிறவள். நர்ஸ் இன்னொரு பிரசவத்தை விட்டு வர முடியாததால், பின்னால் தவமலரின் தாய் பூவாயி மட்டும் இருந்தாள். போய்ச் சேர்ந்தபோது தவமலருக்கு உயிர் இல்லை. டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் சொன்னார்:

"ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது செஞ்சு பார்த்திருக்கலாம்."

அந்தப் பத்து நிமிஷம் போஜனோடு மலையேறி வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே உட்கார்ந்தது. வளைவுக்கு வளைவு, 'இங்கே அரை நிமிஷம் விட்டாய், இங்கே ஒரு நிமிஷம் விட்டாய்' என்றது. பூவாயி குடியிருந்த தொழிலாளர் லயன் வீடுகள் பக்கம் போவதையே அவன் விட்டுவிட்டான்.

மூன்று மாதம் கழித்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரிடம் போய் நின்றான்.

"வேகமா ஓட்டக் கத்துக்கணும் சார். கோயமுத்தூர்ல அதுக்குன்னே ஸ்கூல் இருக்காம். லீவு வேணும்."

டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தார். "நல்ல இடமாப் பார்த்துச் சேருங்க" என்று மட்டும் சொன்னார்.

முதல் பள்ளி ஒரு பந்தயத் தடத்தின் ஓரத்தில் இருந்தது. தலைக்கவசம் மாட்டி, தரையோடு தரையாகக் கிடந்த ஒரு காரில் அவனை உட்கார வைத்தார்கள். நாலு சுற்று. இறங்கியதும் ஒரு தாளை நீட்டினார்கள்.

"முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் பதினோரு செகண்ட் குறைச்சிருக்கீங்க சார். உங்களுக்கு ஓட்டற கை இருக்கு."

போஜன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

இரண்டாவது பள்ளி குளிரூட்டிய கட்டடம். பெரிய திரைக்கு முன்னால் ஸ்டியரிங். மலைப்பாதைகூடத் திரையில் வந்தது, மழையும் பெய்தது. இரண்டு தடவை பள்ளத்தில் விழுந்தான், இரண்டு தடவையும் வண்டி முழுசாக மேலே வந்து நின்றது. நல்லவிதமாகப் பேசினார்கள். காபி கொடுத்தார்கள்.

மூன்றாவதாக ஒரு பெயரை, ஒருநாள் கோயமுத்தூரில் ஸ்கேனுக்கு நோயாளியை இறக்கிவிட்ட இடத்தில் இன்னொரு டிரைவர் சொன்னான். மெஹருன்னிசா. பதினோரு வருஷம் ராலி கார்ப் பந்தயம் ஓட்டியவள். இப்போது மூடிப்போன நூல் மில் ஒன்றின் வளாகத்தில் சொல்லிக்கொடுக்கிறாள். போர்டு கிடையாது.

ஸ்கேன் முடிய இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். போஜன் ஆம்புலன்ஸையே எடுத்துக்கொண்டு போனான்.

மில்லுக்குள் பழைய குடோன்களைச் சுற்றித் தார்ப்பாதை ஓடியது. வேப்பமரத்தடியில் ஒரு பெண் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவனைவிட ஏழெட்டு வயது சின்னவளாக இருப்பாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கண்ணா. சொல்லுங்க."

போஜன் எல்லாம் சொன்னான். ரத்தம், மலை, பின்னால் இருந்த தாய், டாக்டர், பத்து நிமிஷம். பார்த்துவந்த இரண்டு பள்ளிகளையும் சொன்னான். சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துக் கொடுத்தான்.

"நல்ல நேரம்தான்" என்றாள் அவள்.

"உங்ககிட்ட வந்தா எவ்வளவு குறையும் மேடம்?"

அவள் ஆம்புலன்ஸைச் சுற்றி வந்தாள். டயரைக் குனிந்து பார்த்தாள். பின்கதவைத் திறந்தாள்.

"ஏறிப் படுங்கண்ணா."

"நானா?"

"ஆமாங்கண்ணா. நான் ஓட்டிக் காட்டறேன்."

பதினாலு வருஷத்தில் போஜன் அந்த ஸ்ட்ரெச்சரில் படுத்ததில்லை. அவளே பெல்ட்டை இழுத்துக் கட்டினாள். கதவைச் சாத்தினாள். பார்க்க எதுவும் இல்லை, வெள்ளைக் கூரையும் அதில் ஒரு துருப்பிடித்த திருகாணியும்தான்.

வண்டி கிளம்பியது.

முதல் திருப்பத்திலேயே உடம்பு பெல்ட்டுக்குள் சரிந்தது. அடுத்தது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பாதை முன்னால் இருந்தது, அவன் பின்கதவைப் பார்த்துக் கிடந்தான். பிரேக் விழுந்தபோது தலை ஸ்ட்ரெச்சர் முனையில் இடித்தது. கம்பியைப் பிடித்தான். ஆக்சிஜன் சிலிண்டர் தன் வளையத்துக்குள் தடதடவென்று அடித்துக்கொண்டது. இரண்டாவது சுற்றில் கண்ணை மூடினான். மூடினால் இன்னும் மோசமாக இருந்தது.

ஒரு கையைத் தலைக்குப் பின்னால் நீட்டி, டிரைவருக்கும் தனக்கும் நடுவில் இருந்த கண்ணாடித் தடுப்பைத் தட்டினான். வண்டி வேகமெடுத்தது. இன்னும் பலமாகத் தட்டினான். இன்னும் வேகமெடுத்தது.

நின்றபோது அவனாலேயே பெல்ட்டைக் கழற்ற முடியவில்லை. அவள் வந்து கழற்றினாள். வெளியே வந்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் தட்டினேனே மேடம். கேக்கலையா?"

"கேட்டுச்சுங்கண்ணா."

"அப்புறம்?"

"இன்னும் வேகமாப் போகச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

போஜன் மெல்ல மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவளைப் பார்க்காமல் பேசினான்.

"அன்னைக்கும் தட்டினாங்க."

"யாரு?"

"பின்னால இருந்து. ரெண்டு மூணு தடவ. நானும் அப்படித்தான் நெனச்சேன் மேடம். சீக்கிரம் போகச் சொல்றாங்கன்னு. மிதிச்சேன். டாக்டர்கிட்டகூட நான் இதச் சொல்லல. எதுக்குத் தட்டினாங்க? வேகமாப் போகவா, மெதுவாப் போகவா?"

"எனக்கு எப்படிங்கண்ணா தெரியும்?"

"நீங்க எத்தன வருஷம் ஓட்டியிருக்கீங்க..."

"அந்தப் பொண்ணோட அம்மா கூட இருந்தாங்கன்னு சொன்னீங்களே. கேட்டீங்களா?"

"இல்ல."

அவள் சுற்று நேரம் எழுதிய அந்தத் தாளை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"கேட்டுட்டு வாங்க. எந்த ஸ்கூலுன்னு அப்புறம் முடிவு பண்ணலாம்."

நாலு நாள் தள்ளிப்போட்டான். ஐந்தாம் நாள் மத்தியானம் லயனுக்குப் போனான்.

பூவாயி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, தவமலர் பெற்றுப்போட்ட பெண் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள், "வா தம்பி, வெயில்ல நிக்காத" என்றாள்.

அவன் நின்றபடியே கேட்டான்.

"அம்மா, அன்னைக்கு வண்டியில கண்ணாடியத் தட்டினீங்க."

"ஆமா தட்டினேன்."

"எதுக்கும்மா?"

பூவாயி குழந்தையின் கால்களை இரண்டு கையாலும் நீவிக்கொண்டே சொன்னாள்.

"நாலாவது வளைவோ அஞ்சாவதோ. அவ கை சில்லுனு ஆயிருச்சு. என்னையவே பார்த்தா. பேச்சு இல்ல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு தம்பி. வயசானவ, எத்தன சாவு பார்த்திருக்கேன்."

போஜன் வெயிலிலிருந்து வாசலருகே வந்து நின்றான்.

"வண்டி அந்த ஆட்டம் ஆடுது. ஒரு கையால கம்பியப் பிடிச்சிருக்கேன். விட்டா அவ மேலயே விழுந்துருவேன். இன்னொரு கையாலதான் அவளப் பிடிச்சிருந்தேன். அத எடுத்துத்தான் கண்ணாடியத் தட்டினேன்." அவள் குரல் உயரவே இல்லை. "செத்த நேரம் நிறுத்துன்னு சொல்லத்தான். நிறுத்தியிருந்தா ரெண்டு கையாலயும் அள்ளி மடியில வெச்சிருப்பேன். அவ்வளவுதான் கேட்டேன்."

தேயிலைக் காட்டுக்குள் எங்கோ செடிகளைக் கழிக்கும் கவ்வாத்து மிஷின் ஓடி நின்றது.

"நீ என்ன பண்ணுவ. நல்லதுக்குத்தான் ஓட்டின."

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவைக்க எழுந்தவள், குழந்தையை அவன் பக்கம் நீட்டினாள். "கொஞ்சம் பிடி. வெந்நி எடுத்தாறேன். வழுக்கும், பத்திரம்."

போஜன் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து குழந்தையை வாங்கினான். அது அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. வெந்நீர் வந்த பிறகும் கொஞ்ச நேரம் அவன் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுவாரம் அவன் மில்லுக்குப் போனபோது மெஹருன்னிசா தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள், கோட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

பூவாயி சொன்னதை அவள் வார்த்தையிலேயே சொன்னான். ஒன்றைக்கூடக் கூட்டவில்லை. மெஹருன்னிசா சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தாள். குடோன் ஓட்டில் புறாக்கள் நடக்கும் சத்தம் கேட்டது.

"மேடம், நான் இந்த வேலையையே விட்டுரட்டுமா?"

"நாளைக்கு அந்த மலையில யாருக்காவது முடியலன்னா?"

போஜன் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"அப்ப, இனிமே பின்னால இருந்து தட்டினா நான் என்ன பண்ணணும்?"

"திரும்பிப் பாருங்க."

"திரும்பிப் பார்க்கணும்னா வண்டிய நிறுத்தணுமே மேடம். அந்த எறக்கத்துல, அந்த வேகத்துல, பின்னால படுத்திருக்கறவங்களுக்கு ஒரு ஆட்டம் இல்லாம எப்படி நிறுத்தறது?"

மெஹருன்னிசா அவன் கையிலிருந்த ஆம்புலன்ஸ் சாவியைப் பார்த்தாள்.

"அது ஒண்ணத்தான் நான் ஆறு வாரம் சொல்லித் தர்றேங்கண்ணா" என்றாள்.