ஜன்னல் பக்கம்

குருவின் பெயர் பிலோமினா, வயது முப்பத்திரண்டு. சிஷ்யர் மருதாசலத்துக்கு ஐம்பத்தாறு. ஆசிரமம் என்பது கோயம்புத்தூரில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. இரண்டு பேருக்கும் தாடி கிடையாது. எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

மருதாசலம் முப்பது வருஷம் கேஸ் வெல்டிங் செய்தவர். இப்போது லேசர். ஒரு மில்லிமீட்டர் எவர்சில்வர் தகடுகளை ஒட்டிச் சின்னச் சின்னத் தண்ணீர்த் தொட்டிகள் செய்ய வேண்டும். அவர் செய்த இரண்டும் ஒழுகின. மூன்றாவதும் ஒழுகினால் பாலிஷ் போடப் போகச் சொல்லிவிட்டார் முதலாளி. அங்கே போனவர் யாரும் வெல்டராகத் திரும்பியதில்லை.

பிலோமினாவின் தொட்டி மட்டும் ஒழுகுவதே இல்லை. அதெப்படி?

மூன்றாவது தொட்டிக்குத் தகடு வெட்டி வைத்துவிட்டு, மருதாசலம் கேட்டேவிட்டார்.

“அம்மிணி, மெஷின்ல வேற ஏதோ நம்பர் இருக்குதுங்க. எனக்கு மட்டும் சொல்ல மாட்டேங்கறீங்க.”

“ஸ்க்ரீன்ல தெரியறதுதான் அண்ணா.”

“அதேதான் போட்டேன். ஒழுகுதே.”

சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி டைரியை எடுத்தார். எடுத்திருக்கக் கூடாது என்று உடனே தோன்றி, திரும்ப உள்ளே திணித்தார்.

பிலோமினா டைரியைப் பற்றிக் கேட்கவில்லை. மருதாசலமே தொடர்ந்தார்.

“ஒட்டறதுக்கு முந்தி ஒவ்வொரு தடவையும் எனக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறீங்க. முன்னாடி வெச்சு என்னமோ பண்றீங்க. நான் ஒண்ணும் குழந்தை இல்லைங்க. என்ர பழைய மேஸ்திரியும் இப்படித்தான், எட்டு வருஷம் தொழிலை மறைச்சாரு.”

 

பிலோமினா அவர் வெட்டிய இரண்டு தகடுகளையும் எடுத்து விளிம்போடு விளிம்பு சேர்த்தாள். ஜன்னலுக்கு அவரையும் கூட்டிப் போய், கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

நடுவே மயிரிழையாய் வெயில் வந்தது.

“இதெல்லாம் ஒரு கேப்புங்களா? கம்பியை உருக்கி விட்டா மூடிக்கும்.”

“இதுல நாம கம்பியே விடறதில்லையே அண்ணா. லேசர் வெறும் வெளிச்சம். வெயில் வர்ற வழியில அதுவும் போயிடும்.”

மருதாசலம் அரத்தை எடுத்தார். ராவினார். தூக்கிப் பார்த்தார். ஓரத்தில் இன்னும் வெயில். மறுபடி ராவினார்.

நாலாவது தடவை இருட்டாக இருந்தது. அதற்கப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது.

“இதை மொத நாளே காட்டியிருக்கலாமில்லீங்க?”

“தினமும் காட்டினேன் அண்ணா. நான் ஜன்னல் பக்கம் திரும்பினப்ப எல்லாம் நீங்க ஸ்க்ரீனைப் பார்த்து அந்த டைரியில எழுதிட்டிருந்தீங்க.”