ஓடுவழியை அடைத்த ஆறு கார்டுகள்

காட்டின் தென்கோடியில் இருந்த குளக்கரையில் வரகன் என்னும் பெருச்சாளி வளை தோண்டிக் குடியிருந்தான். அவன் மனைவி பெயர் எள்ளி. அந்த வளைக்கு இரண்டு வாசல்கள். முன்வாசல் எல்லோரும் அறிந்தது. பின்வாசல் குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்தது. அதன் வாயை உள்ளிருந்தபடியே மெல்லிய மண்ணால் மூடி வைத்திருந்தார்கள். வெளியே நிற்பவர் கண்ணுக்கு அது வெறும் கரையாகத்தான் தெரியும். உள்ளே இருப்பவர் தலையால் ஒரு முட்டு முட்டினால் மண் உதிரும், வெளியே பாய்ந்துவிடலாம்.

பெருச்சாளிகள் அதனை ஓடுவழி என்பார்கள். ஓடுவழியில் ஒரு நெல்மணியைக்கூடச் சேமித்து வைக்கலாகாது என்பது அந்தக் குலத்தின் வழக்கம். பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டின் தானிய அறையைப் பார்க்குமுன் ஓடுவழியைத்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

அக்காலத்தில் அந்தக் காட்டில் வீட்டுக்கு வீடு கணினி வந்திருந்தது. நீர்நாய்கள் ஓடையில் சக்கரம் அமைத்து மின்சாரம் எடுத்தன. வேண்டியவர்களுக்கெல்லாம் கம்பி இழுத்துக் கொடுத்தன. எந்த வயலில் கதிர் முற்றியிருக்கிறது, எந்த வரப்பில் பொறி வைத்திருக்கிறார்கள் என்று அறிந்துகொள்ள வரகனுக்குக் கணினி உதவியது. அதுவரை அதனால் ஒரு கேடும் இல்லை.

ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு நாள், ஈட்டியப்பன் என்னும் முள்ளம்பன்றி முன்வாசலில் வந்து நின்றான். கணினிக்கு வேண்டிய உதிரிப் பொருள்களைக் காடெங்கும் கொண்டுபோய் விற்பது அவன் தொழில். அன்று அவன் முதுகு முட்களுக்கிடையே ஒரு கிராபிக்ஸ் கார்டு செருகியிருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு, கிரிப்டோ என்றொரு புதுக் காசு உலகத்தில் புழங்குவதாக அவன் சொன்னான். தேசமெங்கும் உள்ள கணினிகள் ஓர் எண்ணை ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்குமாம். எந்தக் கணினி முதலில் சரியாக ஊகிக்கிறதோ, அதன் சொந்தக்காரருக்குக் காசு. இதற்கு மைனிங் என்று பெயர். வெறும் கணினிக்கு அந்த வேகம் வராது. இந்தக் கார்டைச் செருகினால் வரும்.

"அந்தக் காசு எங்கே இருக்கும்?" என்று வரகன் கேட்டான்.

"எங்கேயும் இருக்காது, மாப்பிள்ளை. அதனால்தான் அதை யாரும் திருட முடியாது."

வரகன் பிறந்தது முதல் திருடியே உண்டவன். திருட முடியாத பொருள் ஒன்று உலகில் உண்டென்று கேட்டதும் அவன் மீசை சிலிர்த்தது. ஓர் அறை நிறையச் சேர்த்திருந்த நிலக்கடலையைக் கொடுத்து அந்தக் கார்டை வாங்கிக்கொண்டான்.

ஒன்று இரண்டாயிற்று. கார்த்திகை பிறப்பதற்குள் ஆறாயிற்று. மூங்கில் சிம்புகளைக் கட்டி ஒரு சட்டம் செய்து, ஆறு கார்டுகளையும் அதில் வரிசையாக நிறுத்தினான். ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபேன்கள் சுழன்றன. அவற்றில் தூசி படிந்தால் தன் வால் நுனியால் மெதுவாகத் துடைப்பான். ஒரு கீறல் விழுந்தாலும் கார்டு கெட்டுவிடும் என்று ஈட்டியப்பன் சொல்லியிருந்ததால், நகங்களைக் கல்லில் தேய்த்து மழுக்கிக்கொண்ட பிறகே அவற்றைத் தொடுவான். மண் தோண்டிப் பிழைக்கும் குலத்தில் நகத்தை மழுக்கிக்கொண்டவன் அவன் ஒருவன்தான்.

முயல்களும் தவளைகளும் பார்க்க வந்தன. நொடிக்கு எத்தனை ஊகம் என்று கேட்டன. வரகன் ஒரு பெரிய எண்ணைச் சொன்னான். அது எவ்வளவு என்று வந்தவர்களுக்கும் தெரியாது, சொன்னவனுக்கும் தெரியாது. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தனியாக ஊகித்ததில் ஒன்றும் கிடைக்காமற்போகவே, முகம் அறியாத தொலைதூரத்தார் பலரோடு, கிடைப்பதைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு குழுவில் சேர்ந்துகொண்டான். அதன்பின் திரையில் துளித்துளியாக ஏதோ ஏறியது.

எள்ளி ஒரு நாள் திரையருகே வந்து அமர்ந்தாள். "போன கடலை எனக்குத் தெரிகிறது. வந்தது எது என்று கொஞ்சம் தொட்டுக் காட்டுங்கள், பார்க்கலாம்" என்றாள்.

அது தொடக்கூடிய பொருளன்று என்று வரகன் விளக்கினான். எள்ளி எழுந்து போய்விட்டாள்.

காசைவிடப் பெரிய தொல்லை வேறொன்று இருந்தது. ஆறு கார்டுகளும் அடுப்பைப்போலக் கொதித்தன. சூடு மிகுந்தால் அவை தாமாகவே வேலையை நிறுத்திக்கொள்ளும். நிற்கும்போதெல்லாம் வரகனுக்கு உயிரே போய்விட்டதுபோல் இருக்கும். காற்றோட்டமான இடம் எங்கே என்று வளை முழுவதும் மோப்பம் பிடித்துப் பார்த்தான். ஓடுவழி ஒன்றுதான் அதற்குப் பொருத்தமாக இருந்தது. வாயை மூடியிருக்கும் மண்ணைத் தள்ளிவிட்டு அங்கே சட்டத்தை நிறுத்தினால், வெப்பமெல்லாம் வெளியே போய்விடும்.

அப்போது எள்ளி நிறைமாதக் கர்ப்பிணி. சட்டத்தை அவன் இழுத்துப் போவதைக் கண்டு வழியை மறித்துக்கொண்டாள்.

"பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் ஓடுவழியை அடைப்பார்களா?"

"அடைக்கவில்லையே. திறந்தல்லவா வைக்கப்போகிறேன்."

"நடுவில் இது நிற்குமே. இதன் மேல் ஏறியா ஓடுவது?"

"இந்த வளைக்கு வந்து எவ்வளவு காலமாகிறது, எள்ளி? எத்தனை முறை அந்த வழியாக ஓடியிருக்கிறோம், சொல்."

"ஒரே ஒரு முறை" என்றாள் எள்ளி. "அந்த ஒரு முறை ஓடியதால்தான் இன்று என்னோடு வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள்."

வரகன் சிரித்துவிட்டான். தை பிறந்ததும் வேறொரு காற்றுவழி தோண்டிச் சட்டத்தை அங்கே மாற்றிவிடுவதாக வாக்களித்தான். அதை மனதாரத்தான் சொன்னான். தள்ளிப்போடுகிறவர் எவரும் ஏமாற்றும் எண்ணத்தோடு தள்ளிப்போடுவதில்லை. அவர்கள் முதலில் தங்களையே நம்பவைத்துவிடுகிறார்கள்.

மார்கழியில் எள்ளி ஏழு குட்டிகளை ஈன்றாள். கண் திறவாத, மயிர் முளைக்காத குட்டிகள். வெளியே பனி கொட்டியது. உள்ளேயோ கார்டுகளின் சூட்டில் அறை கதகதப்பாக இருந்தது. குட்டிகள் சிணுங்காமல் உறங்கின. அந்த ஒரு நன்மையை எள்ளியும் மறுக்கவில்லை. இந்த இரைச்சலில் வாசலுக்கு யார் வந்தாலும் காதில் விழாதே என்று மட்டும் குறைப்பட்டாள். இந்தக் குளிரில் யார் வருவார்கள் என்று வரகன் கேட்டான்.

கரைக்குக் கீழே கற்குவியலுக்குள் ஒரு சாரைப்பாம்பு விறைத்துக் கிடந்தது. குளிரில் அதற்கு உடல் வளையவில்லை, பசிகூட எடுக்கவில்லை. ஒரு காலையில் எங்கிருந்தோ வெதுவெதுப்பான காற்று வந்து அதன் முகத்தில் பட்டது. அக்காற்றில் பால் மணமும் கலந்திருந்தது. சாரை அங்குலம் அங்குலமாக ஊர்ந்து மேலே வந்தது. இதுவரை வெறும் மண்ணாகத் தெரிந்த இடத்தில் ஒரு துளையைக் கண்டது. அதன் வாயிலேயே மூன்று நாள் சுருண்டு கிடந்து குளிர் காய்ந்தது. நான்காம் நாள் உடல் இளகியது. உடல் இளகியதும் பசி எழுந்தது. துளைக்குள் சட்டம் நின்றதால் அவ்வழியே நுழைய முடியவில்லை. ஆகவே கரையைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போயிற்று.

பாம்பு ஊரும் ஓசையைப் பத்தடிக்கு அப்பாலேயே கேட்கும் காது பெருச்சாளிக்கு உண்டு. ஆனால் வரகன் அப்போது பன்னிரண்டு ஃபேன்களின் இரைச்சலில் அமர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எள்ளி கிறீச்சிட்ட பிறகுதான் திரும்பினான்.

"பிள்ளை பெற்ற வீட்டுக்கு வெறுங்கையோடு வந்துவிட்டேன்" என்றது சாரை. "தவறாக எண்ண வேண்டாம். உங்கள் வீட்டுக் கதகதப்பைப் பார்த்த பிறகு வராமல் இருக்க முடியவில்லை."

எள்ளி ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஓடுவழிக்குப் பாய்ந்தாள். அங்கே சட்டம் நின்றது. வரகனும் ஓடி வந்தான். வழியைத் திறக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்தது. தன் கைகளுக்குப் பழகிய முறையிலேயே திறக்கத் தொடங்கினான். முதல் கார்டின் கொக்கியை மெதுவாக நெம்பினான். விளிம்பைப் பிடித்து, நகம் படாமல் உருவி எடுத்து, சமதளமான மண்ணில் வைத்தான். பின்னால் ஒரு சிறு கீச்சொலி எழுந்து நின்றுபோயிற்று. இரண்டாவது கார்டின் ஒயரைக் கழற்றினான். அதையும் உருவினான். முதல் கார்டின் மேல் உரசாதபடி சற்றுத் தள்ளி வைத்தான். மறுபடியும் ஒரு கீச்சொலி எழுந்து நின்றது.

எள்ளி வாயில் இருந்த குட்டியைக் கீழே விட்டாள். "தள்ளுங்கள் அதை" என்றாள்.

"இதோ, இன்னும் நான்குதான்" என்றான் வரகன்.

எள்ளி அவனை விலக்கிவிட்டுத் தோளைக் கொடுத்து மோதினாள். மூங்கில் முறிந்தது. ஒயர்கள் அறுந்தன. எஞ்சிய நான்கு கார்டுகளும் சட்டத்தோடு உருண்டு குளத்தில் விழுந்தன. திரை இருண்டது, ஃபேன்கள் நின்றன. இரண்டு மாதங்களாக அந்த வளையில் இல்லாத அமைதி அப்போது வந்தது. அந்த அமைதியில், பாம்பு விழுங்கும் ஓசை வரகன் காதில் தெளிவாக விழுந்தது.

விழுங்கிக்கொண்டிருக்கும் பாம்பு உடனே அடுத்ததைப் பிடிக்காது. அந்த அவகாசத்தில் இருவரும் ஓடுவழியாகப் போவதும் வருவதுமாக இருந்து, ஐந்து குட்டிகளைக் கொண்டுபோய் அக்கரைப் புதரில் சேர்த்தார்கள். மழுங்கிய நகங்களால் வரகன் புது வளை தோண்டி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று.

பொங்கலுக்குப் பின் ஈட்டியப்பன் அந்தப் பக்கம் வந்தான். முள்ளம்பன்றிக்குப் பாம்பைக் கண்டு அச்சமில்லை. கரையோரமாக நடந்து வரும்போது பழைய வளைக்குள் நுழைந்து பார்த்ததாகச் சொன்னான். நீரில் விழுந்த நான்கும் வீணாகிவிட்டன என்று வருந்தினான். பிறகு, முதுகில் செருகியிருந்த இரண்டு கார்டுகளை எடுத்து வரகன் முன்னால் வைத்தான்.

"இந்த இரண்டும் உள்ளேயே இருந்தன, மாப்பிள்ளை. ஒரு கீறல்கூட இல்லை. அந்த அவசரத்திலும் எவ்வளவு பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாய்! இவற்றை வைத்தே மறுபடியும் தொடங்கிவிடலாம்."

வரகன் அந்த இரண்டு கார்டுகளையும் பார்த்தான். பிறகு அவற்றைத் தொடாமல் எழுந்து உள்ளே போனான்.

ஆபத்து வேளைக்கென்று வைத்த வழியை ஆதாயத்துக்காக அடைப்பவனுக்கு, அதன் அருமை விளங்கும் வேளையில் அதைத் திறக்க நேரம் இருப்பதில்லை.