மூடி வைத்த சோறு

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார்கள் என்று நம் ஊர்க்காரர்களைச் சொல்வதுண்டு. சும்மா சொல்கிறார்கள். நகரப் பூங்காவுக்குள் பல்கலைக்கழகத்தின் ஓவியக் கூடம் இருக்கிறது. டிக்கெட் கிடையாது, தடுப்பார் கிடையாது. ஆளும் கிடையாது.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற மாசிலாமணி தினமும் சாயங்காலம் அந்தக் கூடத்தைச் சுற்றித்தான் வாக்கிங் போவார். அவருடைய ஒரே மகன் நவநீதன் ஓவியம் படித்தவன். அவன் வரைந்த படம் ஒன்றை அங்கே மாட்டினார்கள். "வாக்கிங் முடிச்சிட்டு ஒரு எட்டு உள்ள வாங்கப்பா" என்று கூப்பிட்டான். "படம் எங்க ஓடியா போகப்போகுது?" என்றார் அப்பா. ஒரு வருஷம் அப்படியே போனது. படம் ஓடவில்லை. பையன்தான் போய்விட்டான், ஐப்பசி மாதத்துக் காய்ச்சலில்.

அதற்குப் பிறகு, மகனுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெசிந்தா டீச்சரிடமே படம் வரையக் கற்றுக்கொள்ளப் போனார். டீச்சரைவிட மாணவருக்கு இருபது வயது அதிகம். கோடு நேராக வரவில்லை. வரும் என்று அவரும் நம்பவில்லை. பிள்ளை உட்கார்ந்த பெஞ்சில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் கேட்டார்.

"டீச்சர், அந்தப் படம் எனக்கு வேணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா யுனிவர்சிட்டியில குடுத்துருவாங்க."

"குடுப்பாங்க. என்ன பண்ணுவீங்க?"

"ஹால்ல மாட்டுவேன். காலையில அதுலதான் முழிப்பேன். வீட்டுல எனக்கு இனி யாரு இருக்கா?"

"முதல்ல வந்து பாருங்க சார்."

அன்று மத்தியானமே இருவரும் போனார்கள். அந்த வாசற்படியை மாசிலாமணி மிதித்தது அதுதான் முதல் தடவை.

படம் பெரிதல்ல. ஒரு சமையல் மேடை. அதில் ஒரு சோற்றுத் தட்டு, அதன்மேல் கவிழ்த்து மூடிய இன்னொரு தட்டு. தன் வீட்டு மேடை என்று அவருக்கு உடனே தெரிந்தது. நவநீதனின் அம்மா உயிரோடு இருந்தபோது, லேட்டாக வருகிற மகனுக்கு அப்படித்தான் மூடி வைப்பாள். அவர் நின்றபடியே அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சரும் உட்கார்ந்தார்.

வெளியே வெயில் கொளுத்தியது. மருந்து கம்பெனிப் பையோடு இரண்டு ரெப்புகள் உள்ளே வந்து, ஃபேனுக்கு நேர்கீழே நின்று டையைத் தளர்த்தினார்கள். எதிரே நவநீதனின் படம்.

"யாருக்கோ சோறு எடுத்து மூடி வெச்சிருக்காங்கடா."

"ஆறிப் போயிருக்கும்."

"எங்க அம்மாவும் இப்படித்தான். திட்டிக்கிட்டே மூடி வெக்கும்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேர்வை அடங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாசிலாமணி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

"பாத்தீங்களா டீச்சர்? வரைஞ்சது யாருன்னு பேரைக்கூடப் படிக்கல. இவங்க பாக்கவா என் பிள்ளை ராப்பகலா உக்காந்து வரைஞ்சான்? இவங்களா படம் பாக்க வந்தவங்க? ஃபேன் காத்துக்கு வந்தவங்க!"

டீச்சர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஃபேன் காத்துக்காவது வந்தாங்களே, சார்."