தலையாட்டிப் பூ

மருதங்குளம் வற்றிப்போய், நடுவில் கலங்கல் குட்டைதான் மிச்சமிருந்தது. கரையில் இருந்த கீரிக்கு ஒரே குட்டி. அது தாகத்தில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. பெற்றவள் மனசு கேட்குமா?

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சுனை தளும்புவதைக் கீரி தன் கண்ணால் பார்த்திருந்தாள். எல்லாரும் அங்கே போய்விடலாம். ஆனால் அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. முள்ளம்பன்றி கேள்வி கேட்டு முடிக்காமல் யாரும் நகரக்கூடாது. அவரோ லேசில் விடுகிற ஆளா? ஒரு வளை தோண்டுவதற்கே பொழுது சாயும்வரை கேட்டவர்!

"இவர் கேட்டு முடிக்கிறதுக்குள்ள என் பிள்ளை செத்துடும்!" என்று பொருமினாள் கீரி. நேரே போய்த் தலையாட்டிப் பூவைப் பறித்துக் காதில் செருகிக்கொண்டாள். அது மாயப் பூ. அதைச் சூடியவர் எது சொன்னாலும், வாசனை பட்டவர்கள் ஆமாம் போடுவார்கள்.

"மலை தாண்டிப் போவோமா?"

"போவோம்!" என்றன ஆமையும் முயலும் மானும்.

"முள்ளண்ணே, நீங்க?"

"நீ சொன்னா சரிதான் தங்கச்சி!" முள்ளம்பன்றி பல்லை இளித்தார்.

அட, இவ்வளவு சுலபமா! கீரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மலையடிவாரம் வந்தது. முன்பு தனியாகப் பாறைமேல் தாவிப் போனவள் அவள். ஆமையைக் கூட்டிக்கொண்டு தாவ முடியுமா? பக்கத்தில் பச்சென்று ஒரு புல்வெளி தெரிந்தது.

"இப்படிப் போகலாமா?"

"தாராளமா!"

பச்சையைக் கண்டதும் தாகத்தில் துவண்டிருந்த குட்டிகூடக் குதித்துக்கொண்டு முன்னால் ஓடியது. அடுத்த நொடி, "அம்மா!" என்று அலறியது. புல்லுக்குக் கீழே எல்லாம் புதைசேறு! குட்டி இடுப்புவரை இறங்கிவிட்டது.

"ஐயோ! நான் குதிக்கட்டுமா?"

"குதி!"

"குதிச்சா நானும் புதைஞ்சிட மாட்டேனா?"

"புதைஞ்சிடுவே!"

"அப்போ குதிக்க வேண்டாமா?"

"வேண்டாம்!"

கீரி தலையில் அடித்துக்கொண்டாள். காதிலிருந்த பூவைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தாள். பூ முங்கியது. முள்ளம்பன்றி ஒரு தும்மல் போட்டார்.

"அறிவிருக்கா உனக்கு? போன கோடையில நானே இதுல கழுத்துவரைக்கும் போயிட்டேன்! டேய் முயலே, அந்தக் கொடியை வீசு! மானே, நீ இழு!"

குட்டி கொடியைக் கவ்விக்கொண்டு, சேறு சொட்டச் சொட்ட வெளியே வந்தது. கீரி அதை வாரி அணைத்து அழுதாள்.

"இது சேறுன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா அண்ணே?"

"சொல்ல வாயைத் திறந்தேன். உன் பேச்சுதானே என் வாயில வந்துச்சு!"

கீரி கூனிக் குறுகிப்போனாள். அங்கேயே உட்கார்ந்து, "தப்புதான் அண்ணே. இப்பக் கேளுங்க," என்றாள்.

"ஆமை எப்படிப் பாறை ஏறும்?"

கீரிக்குத் தெரியவில்லை. ஆமைக்குத் தெரிந்திருந்தது. "காஞ்ச ஓடை வழியா போனா பாறையே கிடையாதே! என்னை யார் கேட்டா?"

வெயில் தாழ்வதற்குள் எல்லாரும் சுனையில் வாய் வைத்துவிட்டார்கள். முதல் மடக்கு குட்டிக்கு.

நல்ல காரியத்துக்கே ஆனாலும் மற்றவர் மனதை மயக்கிச் சம்மதம் வாங்காதீர்கள், ஏனென்றால் 'வேண்டாம்' என்று சொல்லும் வாயை அடைத்தவரை ஆபத்தில் எச்சரிக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.